கடிகாரம் சரியான நேரம் காட்டிய வெள்ளிக்கிழமை

ஹோலர்ஷ்டாட்,
ஏப்ரல் 9, புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய எக்பர்ட் அத்தான் அவர்களுக்கு,

அத்தான் என்று அழைக்க எனக்கு இன்னும் உரிமை மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. மூன்று தாள்களில் 'ஐயா' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். வருமான வரி அலுவலகத்துக்கு எழுதுவதுபோல இருந்தது, கிழித்துப் போட்டேன். தங்கள் முழங்கால் வலி அடங்கி, கீல் துறைமுகத்தில் காற்றும் அடங்கி, தாங்கள் காலை காப்பியை நிம்மதியாகக் குடிக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் கடிகாரமும் உயிரோடு இருக்கிறோம். என் அக்கா ரோஸ்விதாவின் நலத்தைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மார்ச் 28, வெள்ளிக்கிழமை, எங்கள் நகரமன்றத்துத் திருமணப் பதிவு அலுவலகத்தில் தாங்கள் நீலக் கோட்டும் வெள்ளை ட்யூலிப் கொத்துமாக, மணப்பெண் இல்லாமல், சாட்சி இல்லாமல், மோதிரமும் இல்லாமல் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், சாட்சியாகிய நான் அங்கிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில், ஒரு ஏணியின் ஒன்பதாவது படியில், கழுத்து டை தெருக் கடிகாரத்தின் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு, கடிகாரத்தின் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். மோதிரங்கள் என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன. மறுநாள் பத்திரிகையில் 'புராதனச் சின்னத்தின் மீது காதல்' என்று ஒரு படம் வந்ததாம். அதில் பின்பக்கம் தையல் விட்ட கால்சட்டையோடு நிற்கும் நபர் என்னைப்போல இருப்பதாக யாராவது தங்களிடம் சொல்லியிருந்தால், அது நான்தான். அக்கா மனம் மாறிவிட்டாள் என்று தாங்கள் நினைத்துக்கொண்டு பன்னிரண்டு நாற்பது வண்டியில் ஏறிப்போய்விட்டீர்கள். அக்கா மனம் மாறவில்லை அத்தான். குற்றம் முழுக்க என்னுடையது. நான் செய்த குற்றம், எங்கள் ஊர்க் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்தது.

இது தங்களுக்குப் புரிய வேண்டுமானால் அந்தக் கடிகாரத்தின் ஜாதகத்தை நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்கா முதன்முறை தங்களைக் கோழிச்சந்தை முக்குக்குக் கூட்டிவந்தபோது, "இதென்ன, ஒரு மணி நேரம் தப்பா ஓடுது?" என்று கேட்டீர்களாம். "அதெல்லாம் எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாளாம். 1908-க்கு முன் எங்கள் ஊரில் ஆறு தேவாலயங்கள் ஆறு விதமாகப் பன்னிரண்டு அடிக்கும். பசித்தவன் முதல் மணியை நம்பினான், வேலைக்குப் போகிறவன் கடைசி மணியை நம்பினான். அப்போதைய மேயர், தப்பான மணியை நம்பி, மாமியார் வரும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்க் காத்து நிற்க நேர்ந்த ஆத்திரத்தில், ஊர் முழுக்கப் பதினோரு தெருக் கடிகாரங்களை நட உத்தரவிட்டார். பச்சை வர்ணம் அடித்த வார்ப்பிரும்புத் தூண், நான்கு பக்கமும் முகம், உச்சியில் ஒரு கூம்புத் தொப்பி. தெருவில் நேரத்தை இலவசமாகக் கொட்டினால் எங்களிடம் எவன் வாங்குவான் என்று கைக்கடிகார வியாபாரிகள் மனுக் கொடுத்தார்கள். பதினொன்றில் மூன்றை முதல் யுத்தத்தில் உருக்கிப் பீரங்கி செய்தார்கள். நான்கின் மேல் இரண்டாவது யுத்தத்தில் குண்டு விழுந்தது. ஒன்றை டிராம் திரும்ப இடமில்லை என்று பிடுங்கினார்கள். ஒன்றின் மேல் பீர் லாரி மோதியது. "அதுதான் சார் குறுக்க வந்துச்சு" என்று டிரைவர் வாக்குமூலம் கொடுத்தாராம், அறுபது வருடமாக அசையாமல் நின்ற தூணைப் பற்றி. ஒன்றை நட்பு நகரம் ஒன்றுக்குப் பரிசாக அனுப்பினோம். பதிலுக்கு அவர்கள் ஒரு கரடிச் சிலை அனுப்பினார்கள், அது எந்த நேரமும் காட்டுவதில்லை. மிச்சம் கோழிச்சந்தை முக்கில் நிற்பது ஒன்றுதான். அதைக் காப்பாற்றத்தான் எங்கள் தெருக் கடிகார நண்பர்கள் சங்கம். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும், நாங்கள் ஏழு பேர். அதிலும் ஏழாவது ஆள் பக்கத்து அறையில் நடந்த புறா வளர்ப்போர் கூட்டம் என்று நினைத்து எங்கள் அறையில் கையெழுத்துப் போட்டவர். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் புறாக்களைப் பற்றியே பேசுகிறார், நாங்களும் அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைக்கிறோம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடிகாரம் புராதனச் சின்னப் பட்டியலில் 417-ஆம் எண்ணாக இருக்கிறது என்று எங்கள் தலைவர் லோத்தர் கண்டுபிடிக்கும் வரை. லோத்தர் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்று எங்கேயாவது இருந்தால், மோப்பம் பிடித்துப் போய் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு வருவார். புராதனச் சின்ன அலுவலகத்துக்கு அவரே வலியப்போய் எழுதிக் கேட்டார்: கோடைநேரம், குளிர்நேரம் என்று நாடே மார்ச் கடைசியில் ஒரு மணி நேரம் முன்னேயும் அக்டோபர் கடைசியில் பின்னேயும் போகும்போது நாமும் மணிமுள்ளை நகர்த்துகிறோமே, அதற்கு அனுமதி வேண்டுமா? கேட்டால் வேண்டாம் என்று எந்த அலுவலகம் சொல்லும்? 1908-இல் கோடைநேரம் என்ற பழக்கமே கிடையாது, எனவே முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது சின்னத்தின் மூல நிலையை மாற்றுவதாகும், எனவே எழுத்துமூலம் அனுமதி வேண்டும் என்று பதில் வந்தது. திரும்ப ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவது மாற்றப்பட்ட நிலையை மாற்றுவதாகும், அதற்கும் அனுமதி வேண்டும். நேரம் மாறிய பிறகுதான் விண்ணப்பிக்கலாம். வரப்போகும் தேவைக்கெல்லாம் முன்கூட்டி விண்ணப்பிக்க முடியாது. அனுமதி வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். தாங்கள் நாற்பது வருடம் கப்பல்களுக்கு வழி காட்டியவர், கணக்கைத் தாங்களே போட்டுவிடுவீர்கள். மார்ச் கடைசியில் கோடைநேரத்துக்கு விண்ணப்பித்தால் அக்டோபர் கடைசியில் அனுமதி வரும். முள்ளை முன்னே தள்ளுவோம். இரண்டு நாளில் நாடே குளிர்நேரத்துக்கு மாறிவிடும். உடனே குளிர்நேரத்துக்கு விண்ணப்பிப்போம், மார்ச்சில் அனுமதி வரும், பின்னே தள்ளுவோம், இரண்டு நாளில் கோடைநேரம் பிறக்கும். ஆகக்கூடி எங்கள் கடிகாரம் குளிர்காலம் முழுக்க ஒரு மணி நேரம் முந்தி ஓடும், கோடை முழுக்க ஒரு மணி நேரம் பிந்தி ஓடும். ஊர்க்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். குளிரில் கழிப்பார்கள், வெயிலில் கூட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எங்கள் பேட்டைப் பிள்ளைகள் முதலிடம் என்று ஒரு பேச்சு உண்டு. கடிகாரம் சரியான நேரம் காட்டும் நான்கைந்து நாட்கள்தான் எங்கள் ஊரில் அபாயமான நாட்கள்.

அந்த நாட்களில் வழக்கமாக நான் பேக்கரியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். பேக்கரி அம்மாளிடம் சொன்னால் ரேடியோவில் சொன்ன மாதிரி. இந்த முறை சொல்லவில்லை. காரணம், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, தங்கள் கல்யாணத்துக்குப் போட வேண்டிய சாம்பல் நிறக் கோட்டின் பொத்தான் மூடவில்லை. பிப்ரவரியிலிருந்து நான் ரொட்டியை விட்டிருந்தேன். பேக்கரி வாசலில் கால் வைத்தால் விரதம் முடிந்தது என்று எனக்கே தெரியுமாதலால், எதிர்ச்சாரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். ஆனால் சங்க விதிப்படி எட்டு நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்டினேன். சங்க அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டி. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அனுமதிக் கடிதத்தில் தேதி போட்டிருந்தது: மார்ச் 28, காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. தங்கள் முகூர்த்தம் பதினொன்று இருபது. வேறு நாள் கேட்கலாமே என்பீர்கள். பத்து வருடத்துக்குள் மூன்று அனுமதிகளைப் பயன்படுத்தாமல் விட்டால் பராமரிப்பு ஒப்பந்தம் ரத்து, கடிகாரம் நகராட்சிக் கிடங்குக்குப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு போய்விட்டன: ஒரு முறை எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், ஒரு முறை கடிதமே தேதி முடிந்த பிறகு வந்தது. வேறு ஆளை ஏற்றலாமே என்பீர்கள். இரண்டு நாள் ஏணிப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியவன் சங்கத்தில் நான் ஒருவன்தான். இருபது நிமிட வேலை, முடித்துவிட்டு அப்படியே நகரமன்றத்துக்குப் போய்விடலாம் என்று கோட்டும் டையுமாகவே ஏறினேன். கோட்டைக் கழற்றி லோத்தரிடம் கொடுத்தேன். போன் கோட்டில் இருந்தது. ஒன்பதரைக்கு முள்ளைப் பின்னே தள்ளினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு கடிகாரமும் உலகமும் ஒரே நேரத்தைக் காட்டின. அந்தப் பெருமிதத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன் பாருங்கள், அப்போதுதான் பல்சக்கரம் டையின் நுனியைக் கவ்வியது.

"லோத்தர் சார், டை மாட்டிக்கிச்சு. ஒரு கத்தரிக்கோல் கொண்டாங்க" என்றேன். பத்தொன்பது வருடப் பழக்கம், இன்னும் நாங்கள் சார் போட்டுத்தான் பேசிக்கொள்கிறோம்.

லோத்தர் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அனுமதிக் கடிதத்தைப் பிரித்தார். "இதுல 'மணிமுள்ளை நகர்த்தலாம்'னுதான் போட்டிருக்கு."

"சரி, அதுக்கென்ன?"

"கத்தரிக்கோல் உள்ள விடலாம்னு போடலியே."

"கடிகாரத்தை வெட்டப் போறதில்ல சார், டையத்தான் வெட்டணும். டை என்னோடது."

"வெட்டினா பாதி டை உள்ள நின்னுடும். அந்நியப் பொருள். சின்னத்துக்குள்ள அந்நியப் பொருளை விட்டுட்டு வர்றது எந்த வகையில வரும்னு எனக்குத் தெரியல. நான் வேணா போன் பண்ணிக் கேட்டுப் பாக்கறேன்."

"அதுக்குள்ள என் தலை உள்ள போயிடும் சார்!"

"எவ்வளவு வேகமா இழுக்குது?"

கால் மணிக்கு ஒரு விரல் அகலம் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். மிச்சம் பதினோரு விரல் இருந்தது. "அப்போ நேரம் இருக்கே" என்று லோத்தர் திருப்தியோடு தலையாட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஏணியை விட்டு நகரக் கூடாது என்பது பயிற்சி வகுப்பில் நானே படித்துவிட்டு வந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. எனவே ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அலுவலகத்துக்குப் போன் போட்டார். 'தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்ற பாட்டு மேலே எனக்கும் கேட்டது. பதினொன்று ஐந்துக்குத் தாங்கள் பூக்கொத்தோடு கீழே நடந்துபோனீர்கள். "அத்தான்! அத்தான்! காப்பாத்துங்க!" என்று கத்தினேன். என் வாய் கடிகார முகத்தில் அழுந்தியிருந்ததால் என்ன சத்தம் வந்ததோ, தாங்கள் மலர்ந்த முகத்தோடு தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தங்கள் கம்பீரமான நடையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. டை இறுகியதாலும் இருக்கலாம்.

இனி அக்கா. கோழிச்சந்தை முக்கில் கடிகாரத்துக்கு நேர் எதிரே இருக்கும் பார்லர் ஸாபெல் அம்மாளுடையது. அக்கா அன்று எட்டரைக்கே அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள், சாயம், சுருள், அலசல் என்று நீண்ட வேலை. ஸாபெல் அம்மாள் பார்லரில் கடிகாரமே மாட்டுவதில்லை. மணி தெரிந்தால் பெண்கள் பாதியில் எழுந்து போகிறார்களாம். அக்காவின் போன் பைக்குள், பை அலமாரிக்குள். ஜன்னல் வழியாகத் தெருக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. வழக்கப்படி ஒன்றைக் கழித்தாள். பத்து பத்து. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். இது அக்காவே எனக்குச் சொன்னது, அழுதுகொண்டே. தெருவில் கூட்டம் கூடிச் சிரிக்கும் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. என் மூக்குக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு விரல்தான் மிச்சம்.

"டேய் ஹார்ட்முட், அங்க என்னடா பண்றே? கல்யாணத்துக்குப் போக வேணாமா?" என்று கீழேயிருந்து கத்தினாள். தலை முழுக்க அலுமினியத் தாள்.

"கல்யாணம் முடிஞ்சிருக்கணும்க்கா! மணி பதினொண்ணு அம்பது!"

"கழிச்சா பத்து அம்பதுதானேடா?"

"கழிக்காதேக்கா! இன்னிக்குக் கழிக்காதே! சரியா வெச்சுட்டேன்!"

"எதுக்குடா சரியா வெச்சே?" என்று அவள் அலறிய அலறலில், சந்தையில் ஒரு கிழவர் கையிலிருந்த முட்டைக் கூடை போய்விட்டது. அக்கா பார்லர் கவுனோடு, தாள் பளபளக்க, நகரமன்றத்தை நோக்கி ஓடினாள் பாருங்கள், ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. பின்னாலேயே வந்த ஸாபெல் அம்மாள் யாரையும் எதையும் கேட்காமல் ஏணியில் ஏறி, கத்தரிக்கோலை விட்டு ஒரே வெட்டு. "அந்நியப் பொருள்! அந்நியப் பொருள்!" என்று லோத்தர் கீழேயிருந்து கூவினார். "அந்நியம்னா நீங்கதான்யா அந்நியம்" என்றாள் ஸாபெல் அம்மாள். நான் விழாமல் தூணைக் கட்டிப்பிடித்தபோதுதான் கால்சட்டைத் தையல் விட்டது.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகம் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் போனபோது பதிவு அதிகாரி சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை இருவது நிமிஷம் உக்காந்திருந்தாரும்மா. அடுத்த ஜோடி வந்ததும் எழுந்து எடம் விட்டாரு. பூவை அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டுப் போனாரு" என்றார். அந்தப் பூவைப் பற்றிக் கேட்டதும்தான் அக்கா உட்கார்ந்துவிட்டாள், நகரமன்றப் படியில். அரை மணி கழித்துத்தான் எழுந்தாள், ரயில் நிலையத்துக்கு ஓடினோம். முப்பது வருடமாக அந்தப் பன்னிரண்டு நாற்பது வண்டியை எனக்குத் தெரியும். ஒரு நாளும் ஒன்றேகாலுக்கு முன் கிளம்பியதில்லை. அன்றைக்குக் கிளம்பிவிட்டது. ஊரில் எல்லாமே ஒரே நாளில் திருந்தினால் மனுஷன் எப்படி வாழ்வது, சொல்லுங்கள்.

திங்கட்கிழமை, மிச்ச மீதி ஆத்திரத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். ஒன்பது வருடமாக எங்கள் அனுமதிகளில் கையெழுத்துப் போடும் டாக்டர் க்ரூஸ் அம்மாளே எடுத்தார். ஒரு கல்யாணமே நின்றுவிட்டது என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "417-தானே? இருங்க, கோப்பை எடுக்கறேன்" என்றார். காகிதம் புரளும் சத்தம். "வார்ப்பிரும்பு. பச்சை வர்ணம். கோழிச்சந்தை முக்கு. எண்கோண வடிவம்."

"வட்டம்மா. கடிகாரம் வட்டமா இருக்கும்."

"எண்கோணம்னு போட்டிருக்கு. கூரையில காத்துத் துளை. ஆண்களுக்கு மட்டும்."

அத்தான், கடிகாரத்திலிருந்து இருபது தப்படி தள்ளி, அதே மேயர் அதே வருடம் அதே பச்சையில் நட்ட ஒரு பொதுக் கழிப்பிடம் இருக்கிறது. புராதனச் சின்னம் அதுதான். கடிகாரம் எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஒன்பது வருடமாக அரசாங்கம் அந்தக் கழிப்பிடத்துக்குத்தான் கோடைநேரமும் குளிர்நேரமும் மாற்றி மாற்றி அனுமதித்து வந்திருக்கிறது.

"கழிப்பிடத்துக்கு எதுக்கு மணிமுள்ளுன்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணலியாம்மா?"

"படிவத்துல காரணம் கேக்கற கட்டம் இல்லீங்களே" என்றார் அந்த அம்மாள், வருத்தத்தோடுதான்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டோம். பட்டியலில் இல்லை என்றால் பாதுகாப்பும் இல்லை, எந்த பீர் லாரியும் வந்து மோதலாம். எனவே கடிகாரத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோரி விண்ணப்பம் கொடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். புறாக்காரரும் கை தூக்கினார். பரிசீலனையில் இருக்கும் பொருளைப் பரிசீலனை முடியும் வரை தொடக் கூடாது என்று லோத்தர் விதியைப் படித்துக் காட்டினார். அதற்குள் கோடைநேரம் பிறந்துவிட்டது. ஆகவே இப்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தி ஓடுகிறது. தாங்கள் வரும்போது தயவுசெய்து ஒன்றைக் கூட்டிக்கொள்ளவும்.

ஆமாம், தாங்கள் வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன். பதிவு அலுவலகத்தில் ஜூலை வரை இடமில்லை என்றார்கள். தினமும் போய் நின்றேன். ஒரு ஜோடி சண்டை போட்டுக்கொண்டு விலகியதில், அவர்களுக்கு நல்லது நடக்கட்டும், மே 22, வியாழக்கிழமை, காலை பத்து இருபது காலியானது. அதில் தங்கள் இருவர் பெயரையும் நானே எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அக்காவுக்குத் தெரியாது. அவளிடம் தங்கள் பேச்சை எடுத்தால், "பொண்டாட்டி ஆகப்போறவளுக்காக ஒரு அரை மணி உக்காரத் தெரியாத மனுஷன், கப்பல் வந்தா மட்டும் ராத்திரி பகல்னு பாக்காம காத்துக் கெடந்தாராம்" என்கிறாள். தாங்கள் போன் செய்தால் எடுக்க மாட்டாள், தாங்கள் போன் செய்யவில்லை என்றும் திட்டுகிறாள். நான் அவளுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவன். கல்யாணத்துக்கு வாங்கிய அந்த வெள்ளைக் குதிகால் செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் தலைக்கு மேல் டக் டக்கென்று ஒரு செருப்பு, சமையலறையிலிருந்து ஜன்னல் வரை போகிறது, ஜன்னலிலிருந்து சமையலறை வரை வருகிறது. புதுச் செருப்புக் கடிக்காமல் இருக்க நடந்து பழக்குகிறவள் நடை அது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டே சூப் குடிக்கிறேன்.

நான் அந்த வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து மறுபடியும் ரொட்டி சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். மே மாதத்துக்குள் அந்தக் கோட்டு என்னை ஏற்றுக்கொள்ளாது என்பதால், சாட்சிக் கையெழுத்தைக் கம்பளிச் சட்டையில் வந்து போட அனுமதி கேட்டுக்கொள்கிறேன். டை கட்ட மாட்டேன். மோதிரங்கள் வெண்ணெய் டப்பாவில், குளிர்ப்பெட்டியின் மேல் தட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் லேசாக எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது, கடிகாரத்துடையது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவருகிறேன்.

தங்கள் முழங்காலுக்கும், தங்கள் சகோதரிக்கும், தங்கள் வீட்டு எதிரில் நிற்கும் அந்தப் பழைய இழுவைப் படகுக்கும் என் அன்பு. காற்று சாதகமாக இருந்து, வண்டிகள் வழக்கம்போலத் தாமதமாக ஓடி, தாங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன் (மே 22 வரை பொறுப்பு மட்டும்),
ஹார்ட்முட் வீபெகிங்,
செயலாளர், ஏணி அதிகாரி,
தெருக் கடிகார நண்பர்கள் சங்கம்.

பி.கு.: உறையை ஒட்டி ஸ்டாம்ப்பும் ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிக்குப் போகும் வழியில், தலை கலைந்திருக்கிறதே என்று ஸாபெல் அம்மாளிடம் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். தங்களுக்கு எழுதியதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன், கழித்தது, கூட்டியது எல்லாம். அவள் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஸ்டாம்ப் வீணாகக் கூடாதே என்று உறையின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன், தபால்காரர் படித்தால் படிக்கட்டும். அவள் சொன்னது இது:

"எந்தக் கடிகாரத்தைப் பாத்தாங்க உங்க அக்கா? தலைய அலசறதுக்கு முன்னாடி கைக்கடிகாரத்தைக் கழட்டி எங்கிட்டதானே குடுத்தாங்க. பதினொண்ணு பத்தாச்சு, கெளம்ப வேணாமாம்மான்னு நானே பாத்துச் சொன்னேன். கண்ணை மூடிச் சாஞ்சுக்கிட்டாங்க. அப்புறம், 'இன்னொரு தடவை சாயம் போடு'ன்னாங்க."